வால் உதிர்ந்த சொற்கள்

'எனக்குத் தமிழ்ல பேசணும்' என்ற வாக்கியத்தை ஃபில்டா வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். குளிக்கும்போது அது முழுசாக இருந்தது. புருஷன் அருள்ராயன் குனிந்து சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திவிட்டபோதும் இருந்தது. ஆட்டோ துறைமுகச் சாலையில் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது ஒருமுறை பிரிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. இப்போது ஆஸ்பத்திரி மாடியில், பேச்சுப் பயிற்சி அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, விளிம்புவரை நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்திருப்பவள் போல அசையாமல் அதைக் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு. தமிழ்ல. பேசணும். மனசுக்குள் ஒரு குறையும் இல்லை. மனசுக்குள் அவள் இன்னும் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் முன்னால் நின்று, கடைசி பெஞ்சில் மிட்டாய் மெல்லுகிறவளைத் திரும்பிப் பார்க்காமலேயே பெயர் சொல்லி அதட்டுகிற இங்கிலீஷ் டீச்சர்தான். மனசிலிருந்து வாய்க்கு வருகிற வழியில்தான் யாரோ ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். துறைமுகக் கேட்டில் லாரியை மறித்துச் சரக்கையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு, வெறும் வண்டியை மட்டும் வெளியே விடுகிறவன் மாதிரி. புறப்படும்போது வாக்கியம். வெளியே வரும்போது ஒரு சொல். அதுவும் மொட்டைச் சொல். பக்கவாதம் வந்து வலது கை மரத்துப்போன அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி கையிலிருந்து நழுவியது. தண்ணி கொஞ்சம் தாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'தா' என்றாள். அருள்ராயன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கத்தி விழுந்ததை அவன் முதலில் பார்க்கவில்லை. அந்தத் 'தா'வைத்தான் பார்த்தான்.

"காத்து வருதா? அந்தப் பக்கம் மாறி இருப்பமா?" என்று அவன் இப்போது கேட்டான். கேள்வி என்றால் தலையாட்டினால் போதும். இப்போதெல்லாம் அவன் தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டுமே கேட்கிறான். சாப்பிடுதியா, படுக்கியா, ஃபேன் வேணுமா. முன்பு அவன் இப்படிக் கேட்டதே கிடையாது. முன்பு அவர்கள் வீட்டில் பேச்சு என்றால் பாதி சண்டைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஷிஃப்ட் முடிந்து வந்தால் காது மந்தமாக இருக்கும், சத்தமாகப் பேசுவான். அவளும் சத்தம் போடுவாள். சாக்ஸை ஏன் சாப்பாட்டு மேஜையில் வைத்தீர்கள் என்று ஆரம்பித்து, அவன் தங்கச்சி கல்யாணத்தில் அவளை யாரும் பந்திக்குக் கூப்பிடாததில் வந்து முடியும். முடிகிற நேரத்தில் இரண்டு பேருக்கும் பசிக்கும். அந்தச் சண்டைகளில் அவளுடைய வாக்கியங்கள் எவ்வளவு நீளம். ஒரே மூச்சில் ஏழெட்டு வினைச்சொல், ஒவ்வொன்றும் அடுத்ததன் தோளில் கை போட்டுக்கொண்டு வரும். சொல்லியிருந்திருக்கலாம்லா நீங்க, வந்துட்டுப் போயிருந்தா என்ன குறைஞ்சிருப்பீங்க. எத்தனை கோபத்திலும் 'ங்க' விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் அம்மா வைத்த பழக்கம். கட்டினவனைத் திட்டு, தெருவில் நின்றுகூடத் திட்டு, ஆனால் வா போ என்று சொல்லிவிடாதே. அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை.

அறைக்குள் யாரோ ஒரு பெரியவர் 'ப, ப, ப' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. ஃபில்டா எனக்குத் தமிழ்ல பேசணும் என்று உள்ளுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு விளம்பரப் படம், காதுக்குள் வைக்கிற மெஷினைக் காட்டிச் சிரிக்கிற பெண். அதன் கீழே 'பெயின்லெஸ்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பெயின் தனி, லெஸ் தனி. பழக்கதோஷம், கண் தானாகவே வெட்டிவிடுகிறது. வருஷா வருஷம் ஜூலையில் அவள் நடத்துகிற பாடம் அது. சொல்லுக்கு நடுவில் ஒரு கட்டை, அது ரூட், முன்னால் ஒட்டுவது பிரிஃபிக்ஸ், பின்னால் ஒட்டுவது சஃபிக்ஸ். ரோஸ், மஞ்சள், பச்சை என்று சார்ட் பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒன்றாகப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒருத்தி பக்கத்தில் ஒருத்தியாக நிற்கச் சொல்வாள். 'ஹேப்பி' பிடித்தவளுக்கு இடப்பக்கம் 'அன்' பிடித்தவள் வந்து நின்றால் வகுப்பே ஓ என்று பரிதாபப்படும். 'நெஸ்' பிடித்தவள் வலப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்வாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக உட்காரச் சொல்வாள். 'நெஸ்' தனியாக நின்றால் அதற்கு அர்த்தம் உண்டா என்று கேட்பாள். இல்லை டீச்சர். 'ஹேப்பி' தனியாக நின்றால்? உண்டு டீச்சர். தனியாக நிற்கிற துண்டு, சாய்ந்து நிற்கிற துண்டு என்று அவள் சுலபமாகப் புரியவைத்திருக்கிறாள். மார்ஃபீம் என்ற பெரிய பெயரைக் கடைசியாகத்தான் சொல்வாள், பரீட்சைக்கு. ஒரு வருஷம் 'நெஸ்' துண்டு கிடைத்த ஒரு பிள்ளை அழுதுவிட்டது. எனக்குன்னு ஒரு அர்த்தமே இல்லையா டீச்சர் என்று கேட்டது. உட்காரு, பரீட்சையில உனக்குத்தான் ரெண்டு மார்க்கு என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். என்ன சிரிப்பு அது. மூளைக்குள் ரத்தம் கட்டினபோது முதலில் அடித்துக்கொண்டு போனது அந்தச் சாய்ந்து நிற்கிற துண்டுகளைத்தான். கட்டைகள் நின்றுவிட்டன. வெள்ளம் வடிந்த பிறகு கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற தெரு மாதிரி. கப், டோர், வாக், கிவ். கிவன் இல்லை, கிவிங் இல்லை. சுவர்களைப் பார்த்து இது யார் வீடு என்று சொல்லிவிடலாம். குடியிருக்க முடியாது.

இங்கிலீஷில் அது அவ்வளவு மோசமில்லை என்பதுதான் வேடிக்கை. 'கம்' என்றால் யாருக்கும் கோபம் வராது, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை சிஸ்டர் வந்து பார்த்தபோது ஃபில்டா 'கம், சிட்' என்றாள், சிஸ்டர் கன்னத்தைத் தட்டி வெரி குட் என்றார். தமிழில்தான் வால் உதிர்ந்தால் மரியாதையும் உதிர்ந்துவிடுகிறது. கட்டையைத் தனியாக எடுத்துப் போட்டால் அது உத்தரவு. வா. போ. எடு. நில்லு. ஃபாதர் நற்கருணை கொண்டுவந்த அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஃபாதர் ஜெபித்து, நெற்றியில் சிலுவை போட்டு, மகன் டென்சில் பயல் பிளஸ் டூ எப்படிப் படிக்கிறான் என்றெல்லாம் விசாரித்துவிட்டு எழுந்தார். போயிட்டு வாங்க ஃபாதர். அதுதான் புறப்பட்டது. நன்றாகவே புறப்பட்டது. வந்து விழுந்தது 'போ'. வலது கை தூக்க வராததால் இடது கையை வேறு ஆட்டினாள், கோழியை விரட்டுகிறவள் மாதிரி. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினான். ஃபாதர் நல்லவர், "போயிட்டேன் தாயி, போயிட்டேன்" என்று கும்பிட்டுக்கொண்டே இறங்கினார். அருள்ராயன் மட்டும் சிரிக்கவில்லை. ஃபாதரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றாமலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபில்டா, இனிமே நீ இங்கிலீஷே பேசு, என்னா" என்றான். அடுத்த வாரம் இந்த அறையில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வினோதினி எந்த மொழியில் தொடங்கலாம் என்று கேட்டபோது, ஃபில்டா வாயைத் திறக்கும் முன்னால் அவன் சொன்னான், இங்கிலீஷ். அவ இங்கிலீஷ் டீச்சர்லா மேடம், ஜூன்ல பள்ளிக்கூடத்துல போய் சேரணும்லா. காரணம் சரியான காரணம்தான். மறுத்துப் பேச அதில் ஒன்றும் இல்லை, மறுத்துப் பேச அவளிடமும் ஒன்றும் இல்லை.

ஆனால் அது காரணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்தவனின் காரணம் வேறு. தன் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் தன்னை வா போ என்று சொல்லிவிடுவாள் என்ற பயம். அவன் அண்ணன்மார் வந்திருந்த அன்று காப்பித் தட்டைக் காட்டி 'எடு' என்றாள் அவனைப் பார்த்து. அண்ணன்மார் இரண்டு பேரும் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்கள். அவன் எடுத்தான், எடுத்துக் கொடுத்தான், கழுத்து மட்டும் சிவந்திருந்தது. வேலையிடத்தில் நாளெல்லாம் காதில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு தூக்கு, இறக்கு, நிறுத்து என்ற சத்தத்துக்குக் கை அசைக்கிறவன்தானே. கீழே நிற்கிற சின்னப் பையன் 'நிறுத்து' என்றால் பத்து டன் கன்டெய்னரோடு நிறுத்துகிறவன்தானே. அவளிடமிருந்து வந்தால் மட்டும் ஏன் கழுத்து சிவக்கிறது என்று ஒரு மனசு கேட்கும். அங்கே அது வேலை, இங்கே அது வீடு என்று இன்னொரு மனசு அவனுக்காகப் பேசும். நானாக இருந்தால்? நானாக இருந்தாலும் கூசும். ஒரு 'ங்க' தானே, இதற்கு ஒரு மொழியையே பூட்டிவைப்பதா. ஒரு 'ங்க' தானே, அதைக் கொண்டுவரத் தெரியவில்லையே உனக்கு. இப்படியே சுற்றிச் சுற்றி வந்து அதே கழுத்தில் வந்து நிற்கும். மகனும் இப்போது அவளிடம் இங்கிலீஷில்தான் பேசுகிறான். மாம், டேப்லெட். மாம், ஸ்லீப். விருந்தாளியிடம் பேசுகிற குரலில். வினோதினி சொல்லியிருக்கிறாள், மூளை தானாக வழி தேடிக்கொள்வது இந்த ஆரம்ப மாதங்களில்தான் அதிகம், அப்புறம் மெதுவாகிவிடும் என்று. எதைத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோமோ அது வளரும், மற்றது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்குத்தான் அதை நிச்சயம் செய்து எழுதப்போகிறாள், அடுத்த மூன்று மாதப் பயிற்சி எந்த மொழியில் என்று. இங்கிலீஷ் என்று எழுதினால் ஜூன் மாதம் வகுப்பில் போய் நிற்கலாம், ஒருவேளை. இங்கிலீஷ் என்று எழுதினால் அந்த வீட்டில் இனி யாரையும் திட்ட முடியாது. இங்கிலீஷில் அவள் யாரையும் திட்டியதில்லை. யாருக்கும் சோறு போட்டதும் இல்லை. அவளுக்கு ஆசைதான், கரும்பலகையும் சாக்பீஸ் தூளும் தும்மலும் எல்லாம் வேண்டும்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் இரண்டாவது அட்டாக் என்று ஒன்று வரும் என்கிறார்கள், வந்தால் இதுவும் போகும், போகிற நேரத்தில் கப், டோர், வாக் என்று சொல்லிக்கொண்டா போவாள்.

"ஏளா, வேர்க்குது உனக்கு" என்று அருள்ராயன் கைக்குட்டையால் அவள் நெற்றியை ஒற்றினான். கைக்குட்டையில் கிரீஸ் வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசம். அதற்கும் ஒரு சண்டை உண்டு, அதில் அவள் ஜெயித்ததில்லை. அந்த ஒரு கணம் கிரீஸைப் பின்தொடர்ந்து போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது எனக்குத் தமிழ்ல என்பது இருந்தது, மூன்றாவது இல்லை. என்ன அது. தமிழ்ல என்னவோ வேண்டும். படிக்கணும் இல்லை. போகணும் இல்லை. வாய் சம்பந்தப்பட்டது. வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெரியவர் 'ப, ப' என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார், கூட வந்த மகள் அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். ப. பே. பேசணும். மூச்சு வந்தது.

"வாங்கக்கா. அண்ணா, நீங்களும் வாங்க. உக்காருங்க" என்றாள் வினோதினி. கோயம்புத்தூர்க்காரி. எதைச் சொன்னாலும் ஒரு ங்க வைத்துத்தான் முடிப்பாள். ஆமாங்க, இல்லைங்க, அட விடுங்க. நாளைக்கு நூறு ங்க வீணாகக் கொட்டுகிறாள், எனக்கு ஒன்று கடன் கொடுக்க மாட்டாளா என்று ஃபில்டா ஒவ்வொரு முறையும் நினைப்பாள். மேஜையில் பட அட்டைகள் அடுக்கி இருந்தன. நாய் ஓடுகிறது, பையன் பால் குடிக்கிறான். வினோதினி அட்டைகளைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னிக்கு அதெல்லாம் அப்புறங்க. அடுத்த கட்டத்துக்கு எந்த மொழின்னு முடிவு பண்ணிடலாங்க. போன தடவை அண்ணா சொன்னாரு. இந்தத் தடவை அக்கா சொல்லட்டுங்க" என்றாள்.

"அதுல என்ன மேடம் இருக்கு? இங்கிலீஷ்தான். சிஸ்டர் ஜூன்வரைக்கும் அவ எடத்துல ஆளு போட மாட்டேன்னு சொல்லிருக்காங்க" என்றான் அருள்ராயன்.

"இருங்கண்ணா. அக்கா சொல்லட்டுங்க."

ஃபில்டா வாயைத் திறந்தாள். குடம் இடுப்பில் இருந்தது. எனக்கு, என்று புறப்பட்டது, கேட்டில் அந்த மறிக்கிறவன் உட்கார்ந்திருந்தான், எனக்கு என்பதை இறக்கி வைத்தான், பேசணும் என்பதை இறக்கி வைத்தான். வெளியே ஒன்றுதான் வந்தது.

"தமிழ்."

அருள்ராயன் நாற்காலியில் முன்னுக்கு வந்தான். "இல்ல மேடம், அவ சொல்ல வந்தது வேற. தமிழ் டீச்சரம்மா வந்து பாத்தாங்க நேத்து, அதைச் சொல்லுதா போல."

"தமிழ்" என்றாள் மறுபடியும், மேஜையை இடது கையால் தட்டி.

"ஏங்கண்ணா, அக்கா ஆசைப்பட்டா தமிழ்லயே பண்ணலாங்களே. வீட்ல நாள் பூரா பேசற மொழிங்க. அதனால இங்கிலீஷ் கெட்டுப்போயிராதுங்க, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். உங்களுக்கு அதுல என்ன சங்கடங்க?"

ஃபில்டா அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சிவக்கும். இப்போது சொல்லுவான், ஜாடையாக, வீட்டுக்கு நாலு பேர் வாராங்க மேடம், ஃபாதர் வந்திருந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா என்று. சொல்லட்டும். சொன்னால் சண்டை போடலாம், ஒரு சொல்லை வைத்துக்கொண்டாவது. ஆனால் கழுத்து சிவக்கவில்லை. அவன் கைக்குட்டையை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நான் பத்தாங்கிளாஸ் மேடம். ஐ.டி.ஐ. எனக்கு இங்கிலீஷ் வராது. கிரேன்ல இருக்கது நாலஞ்சு வார்த்தை, அம்புட்டுத்தான்." அவன் வினோதினியைப் பார்த்துத்தான் சொன்னான். "இவ கப்புன்னா, டோர்னா, எனக்கு அது சரியாத்தான் தெரியுது. முன்ன பேசுன மாதிரியேதான் இருக்கு. டீச்சர் பேசுதா அப்படின்னு இருக்கு. அதுல என்ன இல்லை, எது விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியாதுலா. தமிழ்ல பேசுனான்னா..." நிறுத்தினான். "தமிழ்ல பேசுனா எவ்வளவு போயிருக்குன்னு தெரியுதே மேடம். எடுன்னு ஒரு சொல்லு சொல்லுதா. அதுக்கு அங்கிட்டு அவ எவ்வளவு சொல்ல வந்திருப்பான்னு எனக்குத் தெரியும். பத்தொன்பது வருசமா கேட்டிருக்கேன்லா. அவ சண்டை போட்டா கேட்டிருக்கணும் நீங்க. தெருவே கேக்கும்."

வினோதினி பேனாவை மேஜையில் வைத்தாள்.

இத்தனை நாளும் அந்தக் கழுத்தைச் சுற்றி வந்தாளே. சுற்றிச் சுற்றிப் பாதை போட்டு, அதில் தினமும் நடந்து, பாதை தேய்ந்து பள்ளமாகி, பள்ளத்துக்குள் நின்று பார்த்தால் வேறு எதுவும் தெரியாமல். அவமானம் என்று அவள் படித்தது அவமானம் இல்லை. அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இங்கிலீஷை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு. பாவி மனுசன், இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா நீங்க, நான் பாட்டுக்கு என்னென்னவோ நினைச்சுக் குமைஞ்சுக்கிட்டு கிடந்தேன்லா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க. மனசுக்குள் அது தடதடவென்று ஓடியது, வால்கள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை, ஏழெட்டு வினைச்சொல்லும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தன. இதில் எது வெளியே போகும். எல்லாம் போகாது. இன்றைக்கு ஒன்று போகும். அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்று அவள் தேடினாள். வாத்தியார் வேலை செய்த மூளை, அவசரத்திலும் அடுக்கிப் பார்த்தது. சொல்லு இல்லை. விடு இல்லை. அழு இல்லை, அவன் ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருந்தான்.

இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மடித்த கைக்குட்டை கீழே விழுந்தது. அவன் குனியப் பார்த்தான், அவள் விடவில்லை.

"கேளு" என்றாள்.

வால் வழியில் உதிர்ந்ததா, அவளே வேண்டாமென்று விட்டாளா, அவளுக்கே தெரியவில்லை.

அருள்ராயன் அவள் முகத்தைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் வாய் திறக்கும்போதெல்லாம் வேறெங்கோ பார்க்கிறவன், இந்தமுறை வாயையே பார்த்தான்.

"சரி" என்றான். "கேக்கேன். சொல்லு."

வினோதினி தள்ளிவைத்திருந்த அட்டைகளையும் எடுத்து மேஜையைக் காலியாக்கினாள். ஃபில்டா மூச்சை இழுத்தாள். சாக்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது.